பக்கம் முப்பத்தொன்றில் இரண்டாவது முதுகு

அவருக்குத் தசமம் என்று பெயர் வைத்தவர் தீர்ப்பாயத்தின் தட்டச்சர். முதன்முதலாகச் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்த நாளில், இந்தத் தொழிலில் எத்தனை ஆண்டு அனுபவம் என்று வக்கீல் கேட்டிருக்கிறார். "மூன்று புள்ளி ஏழு" என்று பதில் வந்தது. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டுத் தொலைத்தால் என்ன ஆகுமோ என்று தட்டச்சருக்கு வியர்த்துவிட்டது. மதியம் காப்பி இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு, "அந்தத் தசமம் சார் போயாச்சா, இன்னும் இருக்காரா?" என்று அவர் கேட்டது மூன்று மாடிகளுக்கும் பரவி, வாசல் காவலர் வரை போய்ச் சேர்ந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்தக் கட்டடத்தில் அதுதான் பெயர். வீட்டிலும் அதுதான், மனைவிக்குக் கோபம் வரும்போது.

தொழில், ஆக்சுவரி. மனிதர்கள் சராசரியாக எத்தனை ஆண்டு இருப்பார்கள் என்று அட்டவணை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை. இதை எந்த விருந்தில் சொன்னாலும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். மச்சான் ஒருமுறை தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் எப்ப மாமா போவேன்?"

"தனி ஆளுக்குச் சொல்ல முடியாது மாப்ளே. உன்னை மாதிரி ஒரு லட்சம் பேரைக் கூட்டிட்டு வா, சொல்றேன்."

"என்னை மாதிரி இன்னொரு ஆள் கிடைக்கறதே கஷ்டம். லட்சத்துக்கு நான் எங்க போவேன்?"

"அப்ப நிம்மதியா சாப்பிடு."

அவருக்கு முக்கால்வாசிச் சோறு தீர்ப்பாயத்திலிருந்துதான் வந்தது. விபத்தில் அடிபட்ட ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஆள் துணை வேண்டும், அதற்கான பணத்தைக் காப்பீட்டுக் கம்பெனி மொத்தமாக ஒரே தடவையில் தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 'வாழ்நாள்' எவ்வளவு நாள் என்று யாராவது சொல்லியாக வேண்டுமே. அதைச் சொல்ல இரண்டு தரப்பும் ஆளுக்கொரு நிபுணரை அழைத்து வருவார்கள். அடிபட்டவரின் வக்கீல், என் கட்சிக்காரர் நீண்ட காலம் வாழ்வார் என்பார். கம்பெனி வக்கீல் எழுந்து, மிகுந்த மரியாதையோடு, அப்படியெல்லாம் வாழ மாட்டார் என்பார். சம்பந்தப்பட்டவர் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு மனிதரின் சாவை அவர் எதிரிலேயே பேரம் பேசுவதும், பாதியில் தேநீர் இடைவேளை விடுவதும் இத்தனை ஒழுங்காக வேறெங்கும் நடப்பதில்லை.

தசமம் பெரும்பாலும் கம்பெனிகள் அழைக்கிற நிபுணர். பத்து ஃபைல் வந்தால் எட்டு அந்தப் பக்கத்தது. அதனால் அவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கூலி யார் கொடுத்தாலும் பதில் சொல்வது தீர்ப்பாயத்துக்கு என்று சட்டத்தில் இருக்கிறது. எல்லா நிபுணர்களும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். எழுதியதை நம்பியும் தொலைத்தவர்கள் சிலர்தான். அந்தச் சிலரில் இவர் ஒருவர்.

ஒரு விரதம் வைத்திருந்தார். அடிபட்டவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, மருத்துவர் எழுதிய குறிப்பு, இவை போதும். முகத்தைப் பார்த்தால் எண் நகர்ந்துவிடும் என்பது அவர் பயம். இருநூற்றுப் பன்னிரண்டு விசாரணைகளில் தீர்ப்பாயத் தலைவரின் முகத்தையும், சுவரில் இருந்த கடிகாரத்தையும், தன் விரல்களையும் மட்டுமே பார்த்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார்.

மனைவி சலவைக் கடை வைத்திருந்தார். "நான் சட்டையைத் துவைக்கிறேன், நீங்க வருஷத்தைத் துவைக்கறீங்க. என்கிட்ட குடுத்த துணி சுருங்காம திரும்பிப் போகும். உங்ககிட்ட வர்றவங்களுக்கு அந்த உத்தரவாதம் உண்டா?" என்பார். தசமத்துக்கு அப்போதும் சுருக்கம் எத்தனை சதவீதம் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி அந்த விசாரணைக்கு வருவோம்.

உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிற வேலையில் இருந்தாள் ஒரு பெண். முப்பத்தாறு வயது. ஐந்தாவது மாடி உயரத்தில் கயிற்றைப் பிடித்திருந்த கொக்கி விட்டுவிட்டது. பிழைத்தாள். தண்டுவடம் பிழைக்கவில்லை, இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. தவறு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தின் மேல்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். காலையில் படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், மாலையில் நாற்காலியிலிருந்து படுக்கைக்கும் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும், அந்தச் சம்பளத்தை நிறுவனத்தின் காப்பீட்டுக் கம்பெனி தர வேண்டும் என்பதிலும் தகராறு இல்லை. எத்தனை ஆண்டுக்கு என்பதுதான் பாக்கி. அதுவரைக்கும் அந்த வேலையை அவளுடைய அக்கா செய்துகொண்டிருந்தாள். நாற்பத்தொரு வயது, இப்போதே வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள்.

தசமத்தின் அறிக்கை இருபத்து நான்கு புள்ளி ஆறு ஆண்டுகள் என்றது. அதாவது அவளுடைய அறுபது வயதோடு பணம் தீரும். அதற்கு மேலும் அவள் இருந்தாள் என்றால், அறுபத்தைந்து வயது அக்கா, அதே மணிக்கட்டோடு தங்கையைத் தூக்க வேண்டும்.

விசாரணைக்கு முன்னால் இரண்டு நிபுணர்களும் தனியாக உட்கார்ந்து, எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். பெண்ணின் தரப்பு நிபுணர் முப்பத்திரண்டு வயதுக்காரர். சின்னவர் என்று அழைப்பார்கள். ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருவரும் நான்கு மணி நேரம் சண்டை போட்டார்கள். எதற்கு? மொத்தமாகத் தருகிற பணம் வங்கியில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளரும் என்பதற்கு. அரை சதவீத வித்தியாசம். மேசையைத் தட்டினார்கள், வெள்ளைப் பலகை நிரம்பியது, சின்னவர் ஒரு பேனாவை உடைத்தார். கடைசியில் அந்த அறையைக் கேட்டு வேறு யாரோ கதவைத் தட்டியபோதுதான் ஆயுள் விஷயம் பாக்கி என்று ஞாபகம் வந்தது.

"வருஷத்துக்கு நீங்க போட்ட எண்தானே சார்?"

"ஆமா. பக்கம் பத்தொன்பதுலேர்ந்து முப்பத்தொண்ணு வரைக்கும்."

"நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும். ஒத்துப்போறோம்னு எழுதிக்கறேன்."

ஆறு நிமிடத்தில் கையெழுத்து ஆயிற்று. இருபத்தெட்டு ஆண்டுகள் தப்பே செய்யாமல் இருப்பதில் உள்ள ஆபத்து இதுதான். அப்புறம் யாரும் சரிபார்ப்பதில்லை.

விசாரணை நாள் காலை. ஒரு கையில் காகிதக் கோப்பையில் காப்பி, மறு கையில் நாடா கட்டிய ஃபைல், கக்கத்தில் குடை. தசமம் லிஃப்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே ஒரு சக்கர நாற்காலி வந்தது. அந்த லிஃப்டில் சக்கர நாற்காலியும் கூட ஒருவரும்தான் நிற்கலாம். நாற்காலியைத் தள்ளிவந்தவள், "நான் படியில வர்றேன், மேல நில்லு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். கதவு மூடிக்கொண்டது.

"எந்த மாடி சார்?"

"மூணாவது."

"நானும் அங்கதான்." அவள் பட்டனை அமுக்கினாள். ஏற இறங்கப் பார்த்தாள். காப்பி, நாடா கட்டிய ஃபைல், குடை. "இங்க கிளார்க்கா சார் நீங்க?"

தசமம் லிஃப்டின் எண்களைப் பார்த்தார். அது ஊரிலேயே மிகவும் யோசித்து ஏறுகிற லிஃப்ட்.

மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் மடியிலிருந்த தடித்த அறிக்கையைத் தட்டினாள். அதில் கலர் கலராகக் காகிதம் ஒட்டியிருந்தது. "இதைப் படிச்சிருக்கீங்களா? நான் எப்ப சாவேன்னு ஒருத்தர் அறுபத்து நாலு பக்கம் எழுதியிருக்காரு. மூணு தடவை படிச்சேன், எனக்கு வேற என்ன வேலை? முதல் தடவை அழுகை வந்துச்சு. ரெண்டாவது தடவை தூக்கம் வந்துச்சு. மூணாவது தடவைதான் சந்தேகம் வந்துச்சு."

அப்போதுதான் தசமத்துக்கு விளங்கியது யார் என்று. ஒரு தரப்பின் நிபுணர் எதிர்த் தரப்பு ஆளோடு வழக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இறங்கவும் வழியில்லை. காப்பியைக் குடித்தார். கொதித்தது.

"பக்கம் பத்தொன்பதுல, முதுகு உடைஞ்சதுக்காக எனக்கு வருஷத்தைக் குறைக்கிறாரு. சரி, உடைஞ்சது உடைஞ்சதுதானே, ஒத்துக்கறேன். அப்புறம் பக்கம் முப்பத்தொண்ணுல மறுபடியும் முதுகு உடைஞ்சதுக்காகக் குறைக்கிறாரு. எனக்கு இருக்கறது ஒரே முதுகு சார். ரெண்டாவது முதுகு யாரோடது?"

மூன்றாவது மாடி வந்தது. "வக்கீல் கிட்ட கேட்டேன். ரெண்டு நிபுணரும் கையெழுத்துப் போட்டாச்சும்மா, நமக்கு அதெல்லாம் புரியாதுன்னுட்டாரு. உங்களுக்காவது புரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே உருட்டிக்கொண்டு போனாள். படியேறி மூச்சு வாங்க வந்த அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

தசமம் நடைபாதை ஜன்னல் ஓரம் நின்று அறிக்கையைப் பிரித்தார். பக்கம் பத்தொன்பது. அடிக்குறிப்பு. பக்கம் முப்பத்தொன்று. மறுபடியும் பத்தொன்பது.

நடந்தது இதுதான். முன்பெல்லாம் ஊரில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் பொதுவான ஒரே அட்டவணைதான் இருந்தது. அதில் எடுத்த ஆண்டிலிருந்து, தண்டுவடக் காயத்துக்காகக் கொஞ்சம் கழிப்பார். அதுதான் முப்பத்தொன்றாம் பக்கத்துக் கணக்கு. பதினான்கு மாதங்களுக்கு முன்னால் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென்றே தனி அட்டவணை வெளிவந்தது. கழிக்க வேண்டியதெல்லாம் அதிலேயே கழித்தாகிவிட்டது. வெளிவந்த வாரமே தசமம் அதற்கு மாறினார். ஊரிலேயே முதல் ஆள். ஆனால் பழைய கணக்குத்தாளில் அந்தக் கழிக்கும் வரி அப்படியே இருந்தது. புது வீட்டுக்குக் குடிபோனவர் பழைய வீட்டுக்கும் வாடகை கட்டிக்கொண்டே இருந்த மாதிரி. கட்டியது மட்டும் அவர் அல்ல.

முப்பத்தொன்று புள்ளி நான்கு என்று இருக்க வேண்டியது. ஆறு புள்ளி எட்டு ஆண்டுகள் இரண்டாவது முதுகுக்குப் போய்விட்டன.

விசாரணைக்குப் பதினொரு நிமிடம் இருந்தது. மனைவிக்கு போன் செய்தார்.

"ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"பெரிசா?"

"ஆறு புள்ளி எட்டு வருஷம்."

பின்னால் சலவை இயந்திரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. "யாரோடது?"

"ஒரு பொண்ணோடது. இப்பத்தான் பார்த்தேன்."

"பார்த்தீங்களா? நீங்களா?" கொஞ்சம் நிறுத்தினார். "சரி, எடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க. இதுக்கு எதுக்கு போன்? கடையில மூணு பேர் நிக்கறாங்க."

முதலில் தன்னை அழைத்த கம்பெனி வக்கீலிடம் சொல்வதுதான் முறை. அந்த அம்மாள் போனில் இருந்தார். தசமம் வாய் திறந்ததும் ஒரு விரலைத் தூக்கி 'ஒரு நிமிஷம்' என்றார். வக்கீல்களின் ஒரு நிமிடத்துக்கு அட்டவணை கிடையாது. மணி அடித்து, கதவு திறந்து, எல்லோரும் எழுந்து நின்று, தசமம் சத்தியம் செய்து உட்கார்ந்தபோதும் அந்த விரல் இறங்கினதாகத் தெரியவில்லை.

சாட்சியத்தை ஆரம்பிக்கும்போது தீர்ப்பாயத் தலைவர் ஒரு கேள்வி கேட்பார்: உங்கள் அறிக்கையில் ஏதாவது திருத்தம் உண்டா? காலை வணக்கம் மாதிரி ஒரு கேள்வி. இல்லை என்பதுதான் பதில் வணக்கம். தசமம் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை உண்டு என்றிருக்கிறார். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது. அதற்கே இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"உங்கள் அறிக்கையில் ஏதாவது திருத்தம் உண்டா?" என்று தலைவர் அம்மாள் பேனா மூடியைத் திறந்துகொண்டே கேட்டார். தட்டச்சர் 'இல்லை' என்று அடித்தேவிட்டார்.

"உண்டு."

தட்டச்சர் நிமிர்ந்தார். கம்பெனி வக்கீல் புன்னகை செய்தார், இன்னொரு காற்புள்ளி.

"பக்கம் முப்பத்தொன்று, நான்காவது பத்தி. முழுவதையும் அடித்துவிட வேண்டும். முடிவு இருபத்து நான்கு புள்ளி ஆறு அல்ல. முப்பத்தொன்று புள்ளி நான்கு. ஒரே காயத்துக்கு நான் இரண்டு முறை கழித்திருக்கிறேன்."

கம்பெனி வக்கீல் எழுந்தார். "அம்மா, என் சாட்சியோட பேச எனக்குப் பத்து நிமிஷம் வேணும்."

"சத்தியம் பண்ணியாச்சு. இனிமே அவர் பேசறதை எங்க முன்னாடிதான் பேசணும்."

"அப்படின்னா..." அவர் தசமத்தைப் பார்த்த பார்வையில் சலவைக் கடையே பொசுங்கியிருக்கும். "எனக்கு இப்போதைக்குக் கேள்வி இல்லை."

பெண்ணின் வக்கீல் எழுந்தார். அவருக்குப் புயல் என்று பெயர். இந்தச் சாட்சியைக் கிழித்துத் தோரணம் கட்ட நாற்பத்து மூன்று கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவற்றைத் தயாரிக்க ஒரு வாரம் பிடித்தது. நிலைமை மாறிவிட்டது என்பது காதில் விழுந்தது. நாக்குக்குப் போய்ச் சேரவில்லை.

"நேத்து வரைக்கும் இருபத்து நாலு. இன்னிக்கு முப்பத்தொண்ணு. நாளைக்கு எவ்வளவு சார்?"

"நாளைக்கும் முப்பத்தொண்ணு புள்ளி நாலுதான்."

"அறுபத்து நாலு பக்கத்துல ஒரு பக்கம் தப்புன்னா, மத்த அறுபத்து மூணையும் எப்படி நம்பறது?"

"சரிபார்த்துக்கலாம்."

"ஆக, நீங்க கவனக்குறைவானவர்னு ஒத்துக்கறீங்க?"

"இந்த இடத்துல, ஆமா."

"அப்ப உங்க முப்பத்தொண்ணையும் இந்தத் தீர்ப்பாயம் நம்பத் தேவையில்ல. சரியா?"

கம்பெனி வக்கீல் முகத்தில் மறுபடியும் உயிர் வந்தது. ஆட்சேபணை சொல்ல வேண்டிய அவர் கன்னத்தில் கைவைத்து ரசித்துக்கொண்டிருந்தார். புயல் பதினேழாவது கேள்வியை நோக்கிச் சுழன்றுகொண்டிருந்தபோது பின்னால் சக்கர நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"வக்கீல் சார்! கொஞ்சம் நிறுத்துங்க சார்! அவர் குடுக்கறாரு, நீங்க ஏன் பிடுங்கறீங்க?"

தலைவர் அம்மாள் குனிந்து எதையோ தேடினார். சிரிப்பை மேசைக்குக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அம்மா, நடுவுல பேசக் கூடாது. ஆனா வக்கீல் சார், கேள்வி நியாயமாத்தான் படுது."

புயல் தன் தாள்களைப் பார்த்தார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. எல்லாமே அவருடைய கட்சிக்காரரின் கழுத்தையே குறிவைத்திருந்தன. மெதுவாக உட்கார்ந்தார்.

"ஒண்ணு நான் கேக்கறேன்" என்றார் தலைவர். "ரெண்டு நிபுணரும் கையெழுத்துப் போட்ட எண் இது. இந்தத் தப்பை எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"இன்னைக்குக் காலையில. லிஃப்டுல."

"லிஃப்டுல கணக்குப் போட்டீங்களா?"

தசமம் தன் விரல்களைப் பார்த்தார். சத்தியம் என்பது வசதிப்பட்ட இடத்தில் இறங்கிக்கொள்கிற வண்டி அல்ல. "ஒருத்தர் சொன்னாங்க."

"யாரு?"

அவர் திரும்பி, இருநூற்றுப் பதின்மூன்றாவது விசாரணையில் முதன்முறையாக, அடிபட்டவரின் முகத்தை நேராகப் பார்த்தார். "அவங்கதான்."

கம்பெனி வக்கீல் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. எதிர்த் தரப்பு ஆள் என் சாட்சியை ரகசியமாகச் சந்தித்திருக்கிறார், அந்தச் சந்திப்பில் வந்த திருத்தத்தை ஏற்கவே கூடாது, பழைய எண்தான் நிற்க வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னார். அக்கா தன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். வந்த ஆண்டுகள் வந்த வழியே திரும்பப் போகப் பார்த்தன.

"அம்மா, உங்களுக்கு இவர் யாருன்னு தெரியுமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார் தலைவர்.

"இப்பத்தான் தெரியுது. கையில காப்பி இருந்துச்சு. கிளார்க்குன்னு நினைச்சேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிஜமான கிளார்க் தன் காப்பிக் கோப்பையை மெல்ல நகர்த்தி வைத்தார்.

"சார், நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"மூணாவதுன்னு சொன்னேன்."

"அதென்ன மூணாவது?"

"மாடி."

"வேற?"

"காப்பி குடிச்சேன்."

தலைவர் பேனாவை வைத்தார். "ஒரு எண் சரியா தப்பாங்கறதுக்கு அதை யார் சொன்னாங்கங்கறது முக்கியமில்ல. பார்த்தா தெரியப்போகுது. எதிர்த் தரப்பு நிபுணர் வந்திருக்காரா?"

சின்னவர் எழுந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இங்கேயே பாருங்க. நாங்க காத்திருக்கோம்."

அவர் மடிக்கணினியைத் திறந்தார். அட்டவணையைத் தேடினார். அடிக்குறிப்பை உதட்டசைவில் படித்தார். அரை சதவீதத்துக்கு நான்கு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியவருக்கு இப்போது குரல் வரவில்லை.

"சத்தமா" என்றார் தலைவர்.

"இது தண்டுவடக் காயம் பட்டவங்களுக்கான அட்டவணைன்னு போட்டிருக்கும்மா. மறுபடி கழிக்கக் கூடாது. முப்பத்தொண்ணு புள்ளி நாலுதான் சரி. நான்... நான் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கல."

மூன்று வாரம் கழித்து வந்த உத்தரவில் முப்பத்தொன்று புள்ளி நான்கு ஆண்டுகள் என்று இருந்தது.

விசாரணை முடிந்து அன்று வெளியே வந்தபோது நடைபாதையில் அந்தப் பெண் காத்திருந்தாள். சாட்சியம் முடிந்துவிட்டதால் தசமம் இப்போது பேசலாம். ஆனால் பழக்கமில்லாத வேலை. குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், நான்தான் அந்த ஆளுன்னு லிஃப்டுலயே சொல்லியிருக்கலாம்ல?"

"பேசக் கூடாதும்மா."

"நல்லவேளை. சொல்லியிருந்தா அப்பவே திட்டியிருப்பேன், முதுகு விஷயம் மறந்தே போயிருக்கும்."

"மன்னிச்சிருங்க" என்றார் தசமம். பிறகு, கொஞ்சம் யோசித்து, "நீங்க நல்லா படிக்கறீங்க" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் வந்ததில்லை. மனைவிக்குக்கூட.

இத்தோடு முடிந்திருந்தால் அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். அவர் அலுவலகத்துக்குப் போய் அலமாரியைத் திறந்தார். பதினான்கு மாதம், அதே கணக்குத்தாள். தண்டுவடக் காயம் என்று வந்தவை மொத்தம் நான்கு. ஒன்று இன்று சரியாயிற்று. மற்ற மூன்றும் இதே கம்பெனிக்காகப் போட்டவை, விசாரணைக்கே வராமல் சமரசத்தில் முடிந்தவை. பணம் கொடுத்தாயிற்று, கையெழுத்தாயிற்று, ஃபைல் கட்டியாயிற்று. யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

உத்தரவு வந்த வாரம் அவர் கம்பெனி வக்கீலைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் சண்டை போடத் தயாராக வந்தார். உட்காரவில்லை.

"இன்னும் மூணு பேர் இருக்காங்க" என்று ஒரு தாளை நீட்டினார் தசமம்.

"சார், உங்களுக்கு என்ன ஆச்சு? அதெல்லாம் முடிஞ்ச கேஸ். திறக்க முடியாது."

"திறக்க முடியாதுன்னு எழுதிக் குடுங்க. அவங்களுக்கு அனுப்பற கடிதத்தோட அதையும் சேர்த்து அனுப்பிடறேன்."

"மிரட்டறீங்களா?"

"இல்லம்மா. தப்பு என்னோடது. என்னோட தப்பை நான் சொல்லலாம்னு சட்டத்துல பார்த்துட்டேன். கம்பெனி தரணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியாது. அதை உங்களுக்கு முதல்ல சொல்லணும்ல, அதுக்குத்தான் கூப்பிட்டேன். போன தடவை சொல்ல முடியல, நீங்க போன்ல இருந்தீங்க."

"இனிமே எங்க கம்பெனி உங்களுக்கு ஒரு ஃபைல் அனுப்பும்னு நினைக்கிறீங்களா?"

"அனுப்பாதுன்னுதான் கணக்கு."

"கணக்கு!" என்று அவர் கைப்பையைத் தோளில் மாட்டினார். கதவு வரை போய், கையிலிருந்த தாளை அப்போதுதான் பார்த்தார். மூன்று வரி. வழக்கு எண், வயது, தொழில், குறைந்துபோன ஆண்டுகள். இரண்டாவது வரியில் நின்றார்.

"இந்த பஸ் மெக்கானிக்... காது மந்தமா ஒருத்தர், மகளோட வந்தாரே, அவரா?"

"எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்ல."

"நான் பார்த்திருக்கேன்." அவர் மறுபடியும் தாளைப் பார்த்தார். "இந்த எண்ணு போதாதுன்னு அந்தப் பொண்ணு அழுதுச்சு. ஆக்சுவரி போட்ட கணக்கும்மா, இதுல தப்பு வராதுன்னு நான்தான் சமாதானம் சொன்னேன். அந்தாளு நன்றின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று கைவிட்டார்கள். வக்கீல் அம்மாள் திரும்பி வந்து, பையை மேசைமேல் வைத்தார். பிறகு உட்கார்ந்தார்.

"கம்பெனி ஒத்துக்கும்னு நான் சத்தியம் பண்ணல."

"வேண்டாம்."

"ஆனா அவங்ககிட்ட போய்ப் பேசணும்னா எனக்கு முதல்ல புரியணும். அந்த பஸ் மெக்கானிக் ஃபைலை எடுங்க. முதல் பக்கத்துலேர்ந்து சொல்லுங்க, மெதுவா. எனக்குக் கணக்கு வராது."